கடல் கடந்த காடா

வேங்கிக்காலில் உட்கார்ந்து கொண்டு ஆப்பிரிக்காவின் துணியைப் பற்றி எழுத என்ன அவசியம் வந்தது என்று வாசகர்களில் சிலர் கேட்கக் கூடும். நியாயமான கேள்விதான். வாசலில் நின்றால் அண்ணாமலை தெரிகிறது; கலெக்டர் ஆபீசுக்குப் போகிறவர்களும் கிரிவலம் வருகிறவர்களும் தெரிகிறார்கள். கானா தேசம் தெரியவில்லை. ஆனால் சரித்திரம் என்பது கண்ணுக்குத் தெரிகிற தூரத்தோடு நின்று விடுவதில்லை. அதிலும் துணியின் சரித்திரம் இருக்கிறதே, அது கப்பலேறிப் போய்க் கொண்டே இருக்கும்.

எங்கள் ஊருக்குத் துணியோடு உள்ள சம்பந்தத்தை முதலில் சொல்லி விடுகிறேன். கார்த்திகைத் தீபத்தன்று மலை உச்சியில் கொப்பரையில் எரிகிற திரி சுமார் 1000 மீட்டர் காடாத் துணி. காடாவுக்குக் கரை கிடையாது, பூ கிடையாது, சாயம் கிடையாது. தறியிலிருந்து இறங்கியபடியே இருக்கிற துணி அது. இன்னும் பேசக் கற்றுக் கொள்ளாத குழந்தை மாதிரி. அதை நெய்யில் நனைத்துத் தீ வைத்தால் ஜோதியாகிறது. சாயத்தில் நனைத்தால் ஜவுளியாகிறது. அச்சுக் குத்தினால் பேசுகிறது. இந்தக் காடாவின் முன்னோர்கள் ஒரு காலத்தில் கடல் தாண்டிப் போய் என்னென்ன பேசினார்கள், எதற்கெல்லாம் விலையானார்கள் என்பதுதான் என் விஷயம்.

முதலில் அந்தக் கரையைப் பார்ப்போம்.

மேற்கு ஆப்பிரிக்காவில் இன்று கானா என்று வழங்கும் தேசத்துக்கு 1957-ஆம் வருஷம் வரை வெள்ளைக்காரர்கள் வைத்திருந்த பெயர் பொற்கரை. அங்கே அகான் என்ற பெரிய ஜனசமூகம் இருக்கிறது. அவர்களில் ஒரு பிரிவினர் அசாந்திகள். குமாசி அவர்களுடைய தலைநகரம். குமாசிக்குப் பக்கத்தில் ந்தொன்ஸோ என்ற கிராமத்தில் ஒரு தொழில் நடக்கிறது. காய்ந்த சுரைக்குடுக்கையின் ஓட்டை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, அதில் ஒரு சின்னத்தைச் செதுக்குகிறார்கள். மூங்கில் சிம்புகளைச் சொருகி ஒன்றாகக் கட்டிக் கைப்பிடி ஆக்குகிறார்கள். ஒரு மரத்தின் பட்டையை ஊற வைத்து, இடித்து, கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சிக் குழம்பு எடுக்கிறார்கள். துணியைத் தரையில் இழுத்துக் கட்டி, சீப்புப் போன்ற ஒரு கருவியால் கோடு இழுத்துக் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே அச்சைத் திருப்பித் திருப்பிக் குத்துகிறார்கள். இந்தத் துணிக்கு அடிங்க்ரா என்று பெயர். அகான் பாஷையில் அந்தச் சொல்லுக்கு ‘விடைபெறுதல்’ என்ற பொருள் சொல்கிறார்கள். ஆம், அது துக்க வீட்டுக்கு உடுத்திப் போகிற துணி. கறுப்பிலும் செம்மண் நிறத்திலும் அதைப் போர்த்திக் கொண்டு போய், இறந்தவரை வழியனுப்பி விட்டு வருவார்கள். வெளிர் நிறத் துணியில் குத்தினால் நல்ல நாட்களுக்கும் ஆகும்.

இதில் விசேஷம் என்னவென்றால், ஒவ்வோர் அச்சுக்கும் ஒரு பெயர். ஒவ்வொரு பெயருக்குள்ளும் ஒரு பழமொழி. ஏணி ஒன்று இருக்கிறது. மரணத்தின் ஏணியில் ஒருவன் மட்டும் ஏறுவதில்லை, எல்லோருமே ஏறியாக வேண்டும் என்று பொருள். கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கும் பறவை ஒன்று. அதற்குச் சங்கோஃபா என்று பெயர். மறந்து விட்டு வந்ததைத் திரும்பிப் போய் எடுத்துக் கொள்வதில் வெட்கமில்லை என்பது அதன் உபதேசம். இரண்டு முதலைகள், ஆனால் ஒரே வயிறு. எந்த வாய் தின்றாலும் போகிற இடம் ஒன்றுதான், இருந்தாலும் சாப்பாட்டுக்குச் சண்டை போடுகின்றன. நம் பஞ்சதந்திரத்தில் வருகிற இரட்டைத் தலைப் பறவையை நினைத்துக் கொள்ளுங்கள். கூட்டுக் குடும்பம் உள்ள இடத்தில் எல்லாம் இந்தப் பிராணிக்கு வேலை இருக்கும் போலிருக்கிறது! பெரணி இலை ஒன்றும் உண்டு. எந்தக் கட்டாந்தரையிலும் பிழைத்துக் கொள்கிற அந்தச் செடிக்கு அவர்கள் பாஷையில் ‘ஆயா’ என்று பெயர். ‘உனக்கு நான் பயப்படவில்லை’ என்ற அர்த்தமும் அந்தச் சொல்லில் தொனிக்கிறதாம். எங்கள் பக்கத்து ஆயாக்களை அறிந்தவர்கள் இந்தப் பொருத்தத்தை ரசிப்பார்கள். ராட்ரே என்ற ஆங்கில அதிகாரி 1927-இல் வெளியிட்ட தம் புத்தகத்தில் இப்படி 53 அச்சுகளைப் பெயரோடு பட்டியல் போட்டிருக்கிறார்.

இந்தத் துணி எப்படிப் பிறந்தது? அசாந்திகளிடையே ஒரு கதை வழங்குகிறது. பக்கத்து ராஜ்யமான கியாமானில் அடிங்க்ரா என்று ஓர் அரசன் இருந்தான். அசாந்திகளின் உயிரே அவர்களுடைய பொன் ஆசனத்தில் இருக்கிறது என்பது நம்பிக்கை. கியாமான் அரசன் அதைப் போலவே ஒரு பொன் ஆசனம் செய்து கொண்டான். அசாந்தி மன்னன் ஒசெய் போன்சு 1818-ஆம் ஆண்டு வாக்கில் படையெடுத்துப் போய் அவனை வீழ்த்தினான். தோற்றவன் உடுத்தியிருந்த துணியும் அதைச் செய்யும் வித்தையும் ஜெயித்தவர்களுக்கு வந்து சேர்ந்தன. ஆகவே அவன் பெயரே துணிக்கும் ஆயிற்று.

நல்ல கதை. நாவல் எழுதுகிற எனக்கு இதை அப்படியே நம்பி விட ஆசைதான். ஆனால் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு துண்டுத் துணி இருந்து கொண்டு குறுக்கே நிற்கிறது. பௌடிச் என்ற இங்கிலீஷ்காரர் கோட்டையிலிருந்து தூது போய்க் குமாசியில் வாங்கி வந்த அடிங்க்ராத் துணி அது. வாங்கிய வருஷம் 1817. அரசன் தோற்பதற்கு முன்பே துணி குமாசியில் இருந்திருக்கிறது! அதில் 15 வகை அச்சுகள். நட்சத்திரம் இருக்கிறது, நம் உடுக்கையைப் போல இடை சிறுத்த முழவு இரட்டையாக இருக்கிறது. இன்னொரு பழைய துணி ஹாலந்தில் லெய்டன் மியூசியத்தில் இருக்கிறது. அது 1825-இல் எல்மினாக் கோட்டையிலிருந்து டச்சுக்காரர்கள் அனுப்பியது. அதன் நடுவில் டச்சு ராஜ சின்னம். சுற்றிலும் ஆப்பிரிக்கப் பழமொழிகள்.

‘விடைபெறுதல்’ என்றதும் எனக்கு நம் கோடித் துணியின் ஞாபகம் வந்தது. சாவு விழுந்த வீட்டுக்குச் சம்பந்திகளும் பங்காளிகளும் தண்ணீர் படாத புதுத் துணியோடு வருவார்கள். மாலையும் கோடியும் சாத்தி வணங்கி விட்டு ஒதுங்கி நிற்பார்கள். கணவனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும். வரத் தாமதமானால் காரியம் நிற்கும். என் பாட்டனார் காலமான போது குவிந்த கோடிகளை எடுத்து மடித்த பெண்கள், கரையைப் பார்த்தே, ‘இது போளூரான் வீட்டுது, இது ஆரணியாள் கொண்டு வந்தது’ என்று சொல்லிக் கொண்டிருந்ததைச் சிறு வயதில் கேட்டிருக்கிறேன். அச்சில் பழமொழி இல்லாவிட்டால் என்ன? நம் துணியும் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதைச் சொல்லியிருக்கிறது.

இன்னும் ஓர் ஒற்றுமை. அது சாயத்தில் இருக்கிறது. அடிங்க்ராவின் கறுப்புக்கு உரிய பட்டையைத் தருகிற மரம், நம் மலைக்காடுகளில் உள்ள முள்வேங்கையின் நெருங்கிய இனம். அந்தப் பட்டையின் துவர்ப்போடு முற்காலத்தில் இரும்புக் கிட்டத்தையும் சேர்த்துக் காய்ச்சுவார்கள். நம் நாட்டில் என்ன செய்தார்கள்? துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் தோய்த்துக் காய வைத்தார்கள். பனைவெல்லத் தண்ணீரில் துருப்பிடித்த இரும்பைப் போட்டு நாட்கணக்கில் புளிக்க வைத்து, அந்த நீரைத் துணியில் தீட்டினார்கள். தீட்டிய இடம் கண்ணெதிரே கறுத்துப் போகும். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் அழியாத கறுப்பு என்ற ரகசியத்தை இரண்டு கரைக்காரர்களும் தனித்தனியே கண்டு பிடித்திருக்கிறார்கள். சிவப்புக்கு மட்டும் நம்மவர்கள் ஒரு படி மேலே போனார்கள். படிகாரத்தால் சித்திரம் எழுதி, சாயவேரோடு சேர்த்துக் கொதிக்க விட்டால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். துவைக்கத் துவைக்க நிறம் வெளுப்பதற்குப் பதில் பளிச்சிடும்.

இப்படி எழுதியும் அச்சுக் கட்டையால் குத்தியும் செய்த துணிதான் நம் பாட்டிமார்கள் சொன்ன ‘சீட்டி’. கும்பகோணத்துப் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயில் தேருக்குத் தொம்பையும் விதானமும் இந்த முறையில் செய்து வந்தார்கள். கொள்ளிடக் கரையில் கோடாலிக்கருப்பூர் என்று ஒரு கிராமம். தஞ்சை மராட்டிய ராஜ குடும்பத்துக்கென்றே ஜரிகை நெசவும் மெழுகுச் சித்திரமும் கலந்த சேலைகளை அங்கே செய்தார்கள். 1855-இல் அரசர் சிவாஜி வாரிசின்றிக் காலமாகி அரண்மனை மங்கியதும் சேலையும் மங்கிப் போயிற்று. கருப்பூர்க் கலம்காரிச் சித்திரத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயராவது பிழைத்திருக்கிறது.

இனிமேல்தான் கதையின் கசப்பான பாகம்.

பதினேழாம் நூற்றாண்டில் நம் சோழமண்டலக் கரைச் சீட்டிகள் ஐரோப்பாவுக்குப் போய் அங்குள்ள சீமாட்டிகளை மயக்கி விட்டன. அந்த நாட்டு நெசவாளர்கள் வயிற்றில் அடித்துக் கொண்டார்கள். பிரான்ஸ் 1686-இல் தடை போட்டது. 1759 வரைக்கும் அது நீடித்தது. இங்கிலாந்தில் 1700-இல் ஒரு சட்டம், 1721-இல் அதை விடக் கடுமையாக இன்னொரு சட்டம். இங்கிலீஷ் சட்டத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. இந்தியாவில் அச்சடித்த துணியை இங்கிலாந்தில் யாரும் உடுத்தக் கூடாது. ஆனால் லண்டனில் இறக்கி, மறுபடி கப்பலேற்றி, வேறு தேசத்தில் விற்கத் தடையில்லை. அந்த வேறு தேசங்களில் முக்கியமானது ஆப்பிரிக்கக் கரை.

அங்கே துணிக்கு ஈடாக எதை வாங்கினார்கள்? தங்கம் வாங்கினார்கள், தந்தம் வாங்கினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக மனிதர்களை வாங்கினார்கள். ஓர் ஆளுக்கு இத்தனை துண்டு என்று துணியால் எண்ணிக் கொடுத்தார்கள். பழவேற்காட்டில் கோட்டை வைத்திருந்த அதே டச்சுக்காரர்கள்தான் 1637 முதல் எல்மினாக் கோட்டையையும் வைத்திருந்தார்கள். இங்கே தறிக்காரனுக்கு முன்பணம். அங்கே நிலவறையில் சங்கிலி. இரண்டையும் இணைத்தது துணி வியாபாரம்தான். அசாந்தி அரசர்களும் இந்த வியாபாரத்தில் கை நனைத்தவர்களே. யுத்தத்தில் பிடித்தவர்களை விற்றார்கள். பிரிட்டிஷார் 1807-இல் அடிமை வியாபாரத்தைச் சட்டத்தால் நிறுத்தினார்கள். அதற்கு முன் எத்தனை தமிழ்நாட்டுத் துண்டுகள் எத்தனை தாய்மார்களின் பிள்ளைகளுக்கு விலையாயின என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. நெய்தவனுக்கு இது தெரியாது. தெரிந்து கொள்ள வழியும் இல்லை. ஆனாலும் நம் ஜவுளியின் பெருமையைப் பேசும் போது இந்த வரியை விட்டு விட்டுப் பேசுவது நியாயம் ஆகாது.

அடிமை வியாபாரம் ஒழிந்த பின்னும் துணி போய்க் கொண்டுதான் இருந்தது. இங்கேதான் எங்கள் காடா வருகிறது. புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் ‘கினே’ என்ற நீலத் துணியை ஆப்பிரிக்காவின் செனகல் நதிக் கரைக்கு அனுப்பினார்கள். கினி தேசத்துக்குப் போவதால் அந்தப் பெயர். சாதாரணக் காடாதான், புதுச்சேரியைச் சுற்றியிருந்த தென்னார்க்காட்டுத் தறிகளில் நெய்தது. எங்கள் திருவண்ணாமலையும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை தென்னார்க்காட்டைச் சேர்ந்த தாலுகாதான். அவுரியும் சுண்ணாம்பும் தகரை விதையும் சேர்ந்து புளித்த தொட்டியில் துணியை முக்கி முக்கி எடுப்பார்கள். தொட்டியிலிருந்து வரும் போது பச்சை. காற்றுப் பட்டதும் நீலம். செனகல் கரையில் அந்தத் துண்டு பணம் போலவே செலாவணி ஆயிற்று. ஐரோப்பிய ஆலைகள் போலிச் சரக்குச் செய்து அனுப்பிப் பார்த்தன. பாலைவனத்து வியாபாரிகள் தொட்டுப் பார்த்து, முகர்ந்து பார்த்து, இது புதுச்சேரி இல்லை என்று தள்ளி விட்டார்கள்.

அந்தத் துணிக்கு ஈடாக அவர்கள் கொடுத்தது கோந்து. நம் கருவேல மரத்துக்குத் தூரத்து உறவான ஒரு மரத்தின் பிசின். பெரும்பாலும் அடிமைகளே அதைக் கீறி எடுத்தார்கள். ஐரோப்பாவில் அந்தக் கோந்துக்கு ஏன் அவ்வளவு கிராக்கி? சாயம் துணியில் பரவாமல் அச்சுக் கட்டையில் ஒட்டி நிற்க வேண்டுமானால் அதில் கோந்து கலக்க வேண்டும். அதாவது, நம்மைப் பார்த்துச் சீட்டி அச்சடிக்கக் கற்றுக் கொண்ட ஐரோப்பியப் பட்டறைகளுக்கு அந்தக் கோந்து வேண்டியிருந்தது! கற்றுக் கொண்ட விதமும் ஒளிவு மறைவானதல்ல. 1734 வாக்கில் போலியூ என்ற பிரெஞ்சுக் கப்பல் அதிகாரி புதுச்சேரியில் சாயக்காரர் வேலையைப் படிப்படியாகப் பார்த்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு துண்டுத் துணியோடு எழுதி எடுத்துப் போனார். 1742-இல் கேர்டூ என்ற பாதிரியார், கிறிஸ்தவர்களான சாயக்காரர்களிடம் விசாரித்து நீண்ட கடிதம் எழுதினார். தடை நீங்கிய மறு வருஷமே, 1760-இல், பிரான்ஸில் ழூய் என்ற ஊரில் ஓபர்காம்ப் தம் அச்சுப் பட்டறையைத் திறந்து விட்டார்.

கணக்கைப் பாருங்கள். தென்னார்க்காட்டுக் காடா நீலமாகி ஆப்பிரிக்கா போகிறது. அங்கிருந்து கோந்து ஐரோப்பா போகிறது. அந்தக் கோந்தால் அச்சடித்த சீட்டி நம் கடைத்தெருவுக்கே வந்து, சாயவேர் தோண்டியவன், படிகாரம் தீட்டியவன், அச்சுக் கட்டை செதுக்கியவன் எல்லோர் அடுப்பிலும் தண்ணீர் ஊற்றுகிறது. நம் கையால் நெய்த துணியே நம் தொழிலுக்குக் கோடியாகி விட்டது.

ஆனால் ஆப்பிரிக்கர்கள் இந்தக் கதையில் வெறுமனே வாங்கி உடுத்தியவர்கள் என்று எண்ணி விடக் கூடாது. வெளி தேசத்து மில் துணி வந்த போது அகான் மக்கள் அதன் மேலேயே தங்கள் அச்சைக் குத்தினார்கள்; துணி யாருடையதாக இருந்தாலும் பேச்சு அவர்களுடையதாயிற்று. நைஜீரியாவில் கலபாரி என்ற மக்கள் சென்னைக் கட்டம் போட்ட கைத்தறித் துணியை ‘இன்ஜிரி’ என்று சொல்கிறார்கள். நாம் லுங்கிக்கும் கைக்குட்டைக்கும் மேலாக மதிக்காத அந்தக் கட்டத் துணியில் அவர்கள் குழந்தையை ஏந்துகிறார்கள். இறந்தவரின் படுக்கையை அலங்கரிக்கிறார்கள். போதாததற்குச் சில இழைகளை மட்டும் கத்தியால் அறுத்து உருவி எடுத்து, நாம் நெய்யாத ஒரு கோலத்தை அதில் உண்டாக்குகிறார்கள்.

சமீபத்தில் திருவண்ணாமலையில் ஒரு ஜவுளிக் கடைக்குப் போயிருந்தேன். ஒரு சேலையின் கரை பழைய மாதிரியாக இருந்தது. கடைப் பையனிடம், “இது என்ன கரை, தம்பி?” என்று கேட்டேன்.

“நாற்பத்தேழு, சார்” என்றான்.

“நம்பரைக் கேட்கவில்லை. பெயர் என்ன?”

“பேரெல்லாம் கிடையாது, சார். கம்பெனியிலே நம்பர்தான் போட்டு வருது.”

பக்கத்தில் பேத்திக்குப் பாவாடை பார்த்துக் கொண்டிருந்த ஒரு கிழவி கண்ணாடியை இறக்கிக் கொண்டு எட்டிப் பார்த்தாள். “ருத்திராட்சக் கரையை நம்பருங்கிறான் பாரு! அடுத்தது மயில்கண், அதோ அது கோபுரக் கரை. ஏன் தம்பி, இது கூடத் தெரியாதா?” என்று என்னையும் சேர்த்துக் கேட்டாள். கடைப் பையன் சிரித்தான். பேத்தி கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தி, “ஆயா, இன்னொரு தடவை சொல்லு” என்றாள். கிழவி ஒவ்வொரு சேலையாகத் தொட்டுத் தொட்டுச் சொன்னாள்.

தறி நின்று போவது ஒரு நஷ்டம். அதைச் சர்க்கார் கவனிக்கும், குறியீடு கொடுக்கும், சங்கம் வைக்கும். பெயர் மறந்து போவது வேறு வகை நஷ்டம். அதை எந்த இலாகாவாலும் ஈடு செய்ய முடியாது. அகான் மக்கள் பெரும் துன்பங்களைக் கண்டவர்கள். இருந்தும் ஓர் அச்சைக் காட்டிக் கேட்டால் அதன் பெயரையும் பழமொழியையும் சொல்லக் கூடியவர்கள் இன்றும் அவர்களிடையே இருக்கிறார்கள். துணியை விற்றவர்கள் நாம். துணியோடு பேசிக் கொண்டிருப்பவர்கள் அவர்கள்.

நம் வீட்டுப் பீரோக்களில் பழைய சேலைகள் இருக்கின்றன. அவற்றின் கரைகளுக்குப் பெயர் தெரிந்த மனுஷியும் அநேகமாக அதே வீட்டில்தான், ஓர் ஓரத்தில் உட்கார்ந்து கொண்டிருப்பாள். கேட்க வேண்டியது அவ்வளவுதான்.